ஆறு சிலிண்டருக்கு எட்டு சிலிண்டர் குரல்

மெர்ல் வான்ட்ரூனனுக்கு ஐம்பத்து நான்கு வயது. மிஷிகனில், லான்சிங்குக்கு வடக்கே, ஹாக்ஸ்வொர்த் மோட்டார் கம்பெனியின் சோதனைத் திடலில் வண்டி ஓட்டுவது அவர் வேலை. காலையில் ஏறி உட்கார்ந்தால் சாயங்காலம்வரை அதே எட்டு மைல் வட்டத்தைச் சுற்றுவார். பின்னால் கான்கிரீட் கட்டி ஏற்றிய ட்ரெய்லர். மதியம் ஒரு ஹாம் சாண்ட்விச். இருபத்தொன்பது வருஷத்தில் அவர் வண்டியில் பயந்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் குறுக்கே வந்தது மான்.

மூன்றாவது தடவை பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மான் எதுவும் வரவில்லை. எஞ்சினுக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

அந்த வருஷம் கம்பெனியின் பெரிய பிக்கப்பான கர்னலுக்குப் புது எஞ்சின்கள் வந்திருந்தன. அதுவரை கர்னல் என்றால் எட்டு சிலிண்டர், வேறு பேச்சே கிடையாது. இனிமேல் வாங்குகிறவர் தனக்குப் பிடித்ததைத் தேர்ந்துகொள்ளலாம்: டீசல், பேட்டரியும் சேர்ந்து இழுக்கிற கலப்பு வகை, பழைய எட்டு, அப்புறம் கம்பெனி தன் உயிரையே வைத்திருந்த இரட்டை டர்போ ஆறு சிலிண்டர். அந்த ஆறு பெட்ரோலைக் குறைவாகக் குடித்தது, எட்டைவிட அதிகமாக இழுத்தது. சத்தம் மட்டும் தையல் மெஷின் மாதிரி இருக்கிறது என்று டெக்சஸில் ஒருவர் சொல்லிவிட்டார். அவர் ஒருவர் சொன்னதற்காகக் கம்பெனி முப்பத்தொரு பேர் கொண்ட ஒலிச் சபையை அமைத்தது.

சபையின் தலைவி பெட்டினா லோஃப்கிரென். அவர் அரிசோனா பாலைவனத்துக்குப் போய்ப் பழைய எட்டு சிலிண்டரின் உறுமலைப் பதிவு செய்துகொண்டு வந்தார். புது வண்டியில் இருக்கைகளுக்கு அடியில் பன்னிரண்டு ஸ்பீக்கர் வைத்து அதை ஓடவிட்டார். மிதித்தால் உறுமும், காலை எடுத்தால் முனகும். முதல் தடவை கேட்டபோது இரண்டு இயக்குநர்கள் கண்கலங்கினார்கள் என்று சபைக் குறிப்பேட்டில் இருக்கிறது.

இந்த உறுமலுக்கு நடுவில்தான் மெர்ல் அந்த 'டக்'கைக் கேட்டார். ஓரம்கட்டி, மெக்கானிக் ஓசி ப்ரூவிட்டைக் கூப்பிட்டார். ஓசி ஃப்ளின்ட் ஊர்க்காரர், முப்பது வருஷமாக எஞ்சினின் வயிற்றில் கை விடுகிறவர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"என்ன சொல்லுது?"

"உனக்கு டாட்டா காட்டுதுய்யா."

"விளையாடாத ஓசி."

"நான் எங்க விளையாடறேன்? அடியில பேரிங் தேயுது. தேஞ்சு தேஞ்சு ஒரு நாள் எஞ்சின் மொத்தமா இறுகிப் போயிடும். அன்னிக்கு நீ எங்க இருக்கேங்கறதுதான் விஷயம். இந்த வட்டத்துல இருந்தா இறங்கி நடந்து வந்துடலாம். பின்னாடி ஆறு டன்னை வச்சுக்கிட்டு மலையில இறங்கிக்கிட்டிருந்தா..." ஓசி கையைத் துடைத்துக்கொண்டார்.

மெர்ல் புகார் எழுத உட்கார்ந்தார். கம்பெனியின் கம்ப்யூட்டரில் புகாருக்கு நானூற்றுப் பன்னிரண்டு வகைகள் இருந்தன. ஒன்றைத் தேர்ந்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும். காபிக் குவளை வைக்கிற குழி ஆழம் போதவில்லை என்பதற்கு மட்டும் ஒன்பது வகை. எஞ்சின் தட்டுகிறது என்பதற்கு ஒன்றும் இல்லை. விசாரித்தபோது, அந்த வகை போன வருஷம் நீக்கப்பட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அது இருந்தவரை ஆட்கள் அதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்தார்களாம். கடைசியில் மெர்ல், கொஞ்சமாவது பக்கத்தில் வருகிற 'விரும்பத்தகாத ஒலி'யைத் தேர்ந்தெடுத்தார். அது நேராக ஒலிச் சபைக்குப் போனது.

சபை இரண்டு வாரம் கூடிப் பேசியது. மூன்றாம் வாரம் பெட்டினா மெர்லைத் தானே வந்து பார்த்தார். நல்ல பெண்மணி, கனிவாகத்தான் பேசினார்.

"உங்க புகாரை ரொம்ப சீரியஸா எடுத்துக்கிட்டோம், மெர்ல். சரி பண்ணிட்டோம்."

"பேரிங்கை மாத்திட்டீங்களா?"

"பேரிங்கா? நாங்க ஒலிச் சபை. உறுமலை ஏழு பங்கு ஏத்தியிருக்கோம். இனிமே அந்த டக் யார் காதுலயும் விழாது."

அன்று மத்தியானம் மெர்லுக்கு சாண்ட்விச் இறங்கவில்லை. அதுவரை அந்தத் தட்டல் எங்கே இருக்கிறது, கூடுகிறதா குறைகிறதா என்றாவது தெரிந்துகொண்டிருந்தது. இப்போது அது உள்ளே இருக்கிறது என்று மட்டும் தெரியும். அந்த உறுமலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு அது என்ன செய்கிறதென்று தெரியாது. வளைவுகளில் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்க ஆரம்பித்தார். வீட்டில் துணி துவைக்கிற மெஷின் தட்டினாலும் துள்ளி எழுந்தார்.

ஓட்டுநர்கள் எல்லோர் மணிக்கட்டிலும் கம்பெனி ஒரு பட்டையைக் கட்டியிருந்தது. வண்டியின் நிலவரமும் ஓட்டுகிறவரின் நாடித்துடிப்பும் ஒரே திரையில் தெரியும். அந்த வாரத் திரையில் வண்டியின் கட்டங்கள் எல்லாம் பச்சை. மெர்லின் கட்டம் மட்டும் சிவப்பு: நாடி நூற்று முப்பத்தொன்று. பழுது எங்கே என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பழுதை அனுப்பவேண்டிய இடத்துக்கு அனுப்பினார்கள்.

கம்பெனி டாக்டர் மெர்லின் காதுகளைச் சோதித்தார்.

"அருமையான காது! இருபது வயசுக்காரனுக்குக்கூட இப்படி இருக்காது."

"அப்போ எனக்குக் கேட்டது நிஜம்தானே டாக்டர்?"

"அதுதான் சிக்கல்." டாக்டர் ஒரு தாளைத் தள்ளினார். கர்னல் வாங்குகிறவரின் சராசரிக் காது எப்படி இருக்கவேண்டும் என்று அதில் வரைந்திருந்தது. ஐம்பத்தாறு வயது. முப்பது வருஷம் மான் வேட்டைத் துப்பாக்கி. நாற்பது வருஷம் புல்வெட்டும் மெஷின். "உங்களுடையது இந்த அளவுக்குள்ள வரலை. அளவுக்கு வெளியே இருக்கிற கருவியை வச்சு வண்டியைச் சோதிக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க."

மெர்லின் காதுகள் அளவு மீறியவை என்று சான்றிதழ் தந்தார்கள். வரிசை எண் அச்சிட்ட மஞ்சள் பஞ்சு இரண்டைக் கொடுத்து, வேலை நேரம் முழுக்கக் காதில் இருக்கவேண்டும் என்றார்கள். அடைத்துக்கொண்டு ஓட்டியபோது எதுவும் கேட்கவில்லை. 'பழுது நீங்கியது' என்று புகார் மூடப்பட்டது. ஸ்க்ரூடிரைவர் வைத்துக் கேட்ட ஓசியை காபிக் குழிப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

"ஒன்பது வகைப் புகார் இருக்குதில்ல, அங்கதான் வேலை அதிகமாம்," என்றார் ஓசி. அவர் சிரிக்கவில்லை. "மெர்ல், அதை மலைக்கு மட்டும் கொண்டு போயிடாத."

ஏப்ரலில் ஒரு நாள் மெர்லால் பொறுக்க முடியவில்லை. வட்டத்தின் தூரமான முனையில் வண்டியை நிறுத்தி, ஸ்பீக்கர்களின் ஃப்யூஸைப் பிடுங்கினார். பஞ்சையும் எடுத்துவிட்டு மெதுவாக ஓட்டிப் பார்த்தார். ஒற்றை 'டக்' போய்விட்டிருந்தது. இப்போது டக்டக்டக் என்று, யாரோ உள்ளே மாட்டிக்கொண்டு கதவைத் திறக்கச் சொல்வதுபோல விடாமல் தட்டியது. மெர்லின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பத்து நிமிஷத்தில் இரண்டு காவலர்கள் வந்துவிட்டார்கள். ஸ்பீக்கர்களுக்குக் கம்பெனி வைத்த பெயர் நம்பிக்கைக் கருவி; அதைச் சேதப்படுத்தியது குற்றம். அன்றோடு ஸ்பீக்கர்களுக்குத் தனி பேட்டரி வைத்துப் பெட்டியில் பூட்டினார்கள். எஞ்சினைக் கேட்காமல், கால் எந்தப் பெடலை மிதித்தாலும் உறுமும்படி கம்பியை மாற்றினார்கள். மெர்லிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். எஞ்சினைப் பற்றி வெளியார் யாரிடமும் பேசக்கூடாது. வெளியார் என்பதில் குடும்பத்தாரும் அடக்கம்.

குடும்பம் என்று மெர்லுக்கு இருந்தது ஒரே மகள், டெல்ஃபின். குதிரைகளை ட்ரெய்லரில் ஏற்றி மாநிலம் மாநிலமாகக் கொண்டுபோய் விடுவது அவள் தொழில். அப்பாவின் ஊழியர் ஒதுக்கீட்டில் ஒரு ஆறு சிலிண்டர் கர்னலுக்கு அவள் எப்போதோ பதிந்து வைத்திருந்தாள். மே மாதம் வரவேண்டியது. தொழிற்சாலை முற்றத்தில் வரிசையாக நின்ற பதினோராயிரம் வண்டிகளில் அவளுடையதும் எங்கோ நின்றது.

"டெல்ஃபின், அந்த எட்டு சிலிண்டரையே எடுத்துக்கோயேன்," என்றார் மெர்ல் போனில்.

"ஏன்ப்பா? நீங்கதானே ஆறு ஆறுன்னு குதிச்சீங்க?"

"எட்டு நல்லா இருக்கும்."

"என்ன நல்லா இருக்கும்? உங்க கம்பெனி வண்டிக்கு நீங்களே ஆப்பு வைக்கறீங்களா? காரணம் சொல்லுங்க."

"காரணம் ஒண்ணும் இல்லம்மா."

"ஒண்ணும் இல்லாததுக்கா குரல் இப்படி நடுங்குது?"

மெர்ல் போனை வைத்துவிட்டார். அந்தத் தாளில் அவர் கையெழுத்து இருந்தது. ஓய்வூதியத்துக்கு ஒரு வருஷம் பாக்கி. வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

அடுத்த வாரம் துணைத் தலைவர் தடேயஸ் க்ரௌல் அவரைக் கூப்பிட்டனுப்பினார். உயரமான மனிதர், குதிரைக்காரர் போலத் தொப்பி வைத்திருப்பார். குதிரை ஏறிப் பழக்கமில்லை. புது எஞ்சினை உலகத்துக்குக் காட்டும் விழா கொலராடோவில். பதினோராயிரம் அடிக் கணவாயில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கவேண்டும். பின்னால் ஆறு டன் குதிரை ட்ரெய்லர். க்ரௌல் பின் சீட்டிலிருந்து பேசுவார். அடிவாரத்து ஓட்டலில் பத்திரிகைக்காரர்கள் திரையில் நேரடியாகப் பார்ப்பார்கள்.

"நீங்கதான் ஓட்டறீங்க, மெர்ல்."

"சார், நான் அளவு மீறினவன். சான்றிதழே இருக்கு."

"அதனாலதான்! பயந்த ஒரே ஆள் நீங்க. நீங்களே ஓட்டினா அப்புறம் யார் பயப்படுவாங்க?"

"மலையிலே இறங்கும்போது அது இறுகிப் போச்சுன்னா..."

"எது?"

"எஞ்சின் சார்."

க்ரௌல் அவர் தோளில் கைவைத்தார். "உங்களுக்கு மாற்று ஆள் வேணும்னா சொல்லுங்க. திடல்ல இன்னும் பதினாலு பேர் இருக்காங்க."

அந்தப் பதினாலு பேரில் ஒருவர்கூட ஃப்யூஸைப் பிடுங்கிக் கேட்டதில்லை. மலையில் எதை எதிர்பார்த்து ஓட்டவேண்டும் என்றே அவர்களுக்குத் தெரியாது. மெர்ல் சரி என்றார்.

மே இரண்டாம் தேதி காலை பத்து மணிக்குக் கணவாயின் உச்சியை அடைந்தார்கள். சாலையோரத்தில் இன்னும் பனி கிடந்தது. ட்ரெய்லரில் நிஜக் குதிரை வேண்டாம் என்று வக்கீல்கள் சொல்லிவிட்டதால், வயிற்றில் மணல் நிரப்பிய ஆறு பிளாஸ்டிக் குதிரைகள் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. மெர்லுக்குப் பக்கத்தில் பெட்டினா. பின்னால் க்ரௌல், எதிரே ஒரு சின்ன கேமரா. ஏற்றம் முழுக்க உறுமல் கம்பீரமாக இருந்தது. மெர்லுக்கு உள்ளங்கால் வழியாக வேறொன்று தெரிந்துகொண்டிருந்தது.

"சார், இறங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை நிறுத்திப் பார்த்துடலாமே."

"நேரலைல இருக்கோம் மெர்ல். போங்க."

இறக்கம் தொடங்கியது. ஏழு மைலுக்கு ஒரே சரிவு. வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் ஒன்றுமில்லை. மெர்ல் கியரைக் குறைத்து, எஞ்சினின் பிடியிலேயே வண்டியை நாற்பதில் வைத்திருந்தார். க்ரௌல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பேச்சை ஆரம்பித்தார்.

"நண்பர்களே, என் அப்பா காலத்துல வண்டி வாங்க வர்றவர் மூடியைத் திறந்து எஞ்சினைப் பார்ப்பார். நாங்க ஒருபடி மேல போயிட்டோம். நாங்க அவருக்குள்ள பார்க்கறோம். அங்க நிறைய இடம் காலியா இருக்கு."

இரண்டாவது மைலில், மெர்லின் பாதத்துக்கு அடியில் ஏதோ ஒன்று ஒரு தடவை வலுவாக உதைத்தது. அப்புறம் உதைக்கவில்லை. சுற்றுகளைக் காட்டும் முள் பூஜ்யத்தில் விழுந்தது. சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. எஞ்சின் செத்துவிட்டது.

உறுமல் நிற்கவில்லை. பெடலில் கால் இருந்தது, தனி பேட்டரி இருந்தது. பன்னிரண்டு ஸ்பீக்கர்களும் அரிசோனா பாலைவனத்து எட்டு சிலிண்டரை வஞ்சனையில்லாமல் ஒலித்துக்கொண்டிருந்தன.

வண்டி நாற்பதிலிருந்து ஐம்பதுக்குப் போனது. ஸ்டியரிங் மரக்கட்டையாக இறுகிவிட்டது. மெர்ல் பிரேக்கை மிதித்தார், பிடித்தது. இரண்டாவது தடவை பாதி பிடித்தது. மூன்றாவது தடவை கல்லை மிதிப்பதுபோல இருந்தது. ஐம்பத்தெட்டு.

"எங்க வாடிக்கையாளருக்கு வேண்டியது உண்மையா?" என்று கேட்டார் க்ரௌல். "இல்லை! உண்மை மாதிரி காதுக்குக் கேட்கிற ஒண்ணு."

பெட்டினா முள்ளைப் பார்த்தார். பிறகு மெர்லைப் பார்த்தார். பெட்டினாவின் முகம் சுண்ணாம்பு பூசினதுபோல் வெளுத்திருந்தது. "மெர்ல்," என்று உதடு மட்டும் அசைந்தது.

"பேசாதீங்க. இறுக்கிப் பிடிச்சுக்குங்க," என்றார் மெர்ல். ட்ரெய்லரின் பிரேக்குக்குத் தனியாக ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. அதை முழுக்க இழுத்தார். கண்ணாடியில் ட்ரெய்லர் சக்கரங்களிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. வேகம் கொஞ்சம் தயங்கி, மறுபடி ஏறியது. அறுபத்து மூன்று. வளைவில் இரண்டு கையாலும் தொங்கி ஸ்டியரிங்கைத் திருப்பினார். இடப்பக்கச் சக்கரம் வெள்ளைக் கோட்டைத் தாண்டியது. ஒரு கணம் ஜன்னலில் சாலையே இல்லை. கீழே மரங்களின் உச்சிகள் மட்டும் தெரிந்தன. டெல்ஃபின் இந்தச் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள், பின்னால் நிஜக் குதிரைகள் உதைத்துக்கொண்டிருக்கின்றன என்று ஒரு நினைப்பு வந்தது. தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வெளியே வந்தது. அது தன் குரல்தானா என்று அவருக்கே தெரியவில்லை.

"இந்தக் குரலைக் கேளுங்க," என்றார் க்ரௌல் கேமராவிடம். "இதுல எங்கயாவது பயம் தெரியுதா?"

பிரேக் போன லாரிகளுக்காகச் சாலையை விட்டு மேட்டில் ஏறும் ஒரு சரளைப் பாதை வலப்பக்கம் வந்தது. இந்த மாதிரிப் பாதைகளை மெர்ல் வாழ்நாளில் பலதடவை கடந்திருக்கிறார், ஏறினதில்லை. உடம்பின் மொத்தப் பாரத்தையும் ஸ்டியரிங்கில் போட்டார். கர்னல் சரளைக்குள் பாய்ந்தது. கற்கள் ஆலங்கட்டி மழையாக அடித்தன. பின்னால் ஆறு பிளாஸ்டிக் குதிரைகளும் முன்சுவரில் வந்து மோதின. வண்டி அச்சுவரை புதைந்து, முனகி, நின்றது.

மெர்லால் காலை பெடலிலிருந்து எடுக்க முடியவில்லை. ஆகவே உறுமல் தொடர்ந்தது. பெட்டினா கதவைத் திறந்து, சரளையில் மண்டியிட்டு, இருக்கைக்கு அடியில் கைவிட்டுக் கிடைத்த கம்பிகளையெல்லாம் வெறுங்கையால் பிய்த்தார். அப்புறம்தான் மலை அமைதியானது.

"பிரமாதம்," என்றார் க்ரௌல். "இங்க ஏன் நிறுத்தினீங்க?"

"எஞ்சின் செத்துப்போச்சு சார். நாலு மைலுக்கு முன்னாடி."

க்ரௌல் சிவப்பு விளக்குகளையும் கீழே தெரிந்த பள்ளத்தையும் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். நெற்றி வியர்த்திருந்தது. ஆனாலும் அவர் துணைத் தலைவர். மூச்சு திரும்பியதும் கண்கள் மெல்லப் பிரகாசித்தன.

"நாலு மைலா? எனக்கே தெரியலையே! அப்போ வாங்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஓட்டல் திரையில் பார்த்தவர்கள் கைதட்டினார்களாம். உறுமல் கடைசிவரை ஒரு பிசிறு இல்லாமல் இருந்ததாக ஒரு பத்திரிகை எழுதியது. கணவாய் மேலே இருந்த சின்ன ஊரில் மெர்லையும் பெட்டினாவையும் ஒரு விடுதியில் தங்கவைத்தார்கள். மறுநாள் காலை கம்பெனி அறிக்கை வந்தது. 'திட்டமிடாத நிறுத்தம் ஒன்று. பயணியின் நம்பிக்கை நூறு சதவீதம்.' ஓட்டுநர் கையெழுத்திடக் கீழே ஒரு கோடு.

மெர்ல் பேனாவை எடுத்தார். கை நடுங்கியதில் நுனி தாளில் நிற்கவில்லை. இரண்டு தடவை முயன்று கீழே வைத்தார். பிறகு கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொன்னார்.

எதிரில் உட்கார்ந்திருந்த பெட்டினா தன் லேப்டாப்பைத் திருப்பினார். "முதல் மூணு மாசம், உறுமலை எஞ்சினோட ஒத்துப்போக வைக்கறதுக்காக உள்ளே மைக் வச்சிருந்தோம்," என்றார் மெல்ல. "எல்லாம் பதிவாகியிருக்கு. நான் வெளியே போற சத்தத்தை மட்டுமே கேட்டேன். உள்ளே வந்ததை ஒரு நாள்கூடக் கேட்கலை." ஒரு பொத்தானை அழுத்தினார். டக். டக். டக். இருவரும் அரைமணி நேரம் அதைக் கேட்டார்கள். அப்புறம் அதை வாஷிங்டனில் இருக்கிற சாலைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அனுப்பும் பொத்தானை யார் அழுத்தினார்கள் என்று பிற்பாடு கம்பெனி வக்கீல்கள் கேட்டபோது, இரண்டு பேருமே நான்தான் என்றார்கள்.

பதினோராயிரம் வண்டிகளும் முற்றத்தைவிட்டு நகரவில்லை. ஒலிச் சபை கலைக்கப்பட்டது. அதன் பிழைகளை ஆராய நாற்பது பேர் கொண்ட மௌனச் சபை அமைக்கப்பட்டது. அதற்கு க்ரௌல் தலைவர். இதெல்லாம் நடந்து முடிய ஆறு மாதமானது. அந்தக் காலையில் மெர்லுக்கு இது எதுவும் தெரியாது. வேலை போகும், ஓய்வூதியம் போகும், வழக்கு வரும் என்றுதான் தெரியும். அவர் டெல்ஃபினுக்குப் போன் செய்தார். கையெழுத்துப் போட்ட தாளை மறந்து, பிப்ரவரியிலிருந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். நடுவில் அழுதார்.

அவள் இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை. "எங்க இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

சொன்னார்.

"அங்கேயே இருங்கப்பா. வண்டி கிண்டி எடுத்துடாதீங்க. நான் வர்றேன்."

மிஷிகனிலிருந்து அவளுடைய பழைய பிக்கப்பில் மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தாள். அப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்தாள், பயணிக் கதவைத் திறந்துவிட்டாள். வீட்டுக்குப் போகவேண்டுமானால் அதே கணவாயில்தான் இறங்கவேண்டும். மெர்ல் சீட்டு பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். சரளைப் பாதையைக் கடந்தபோது, நெடுஞ்சாலைக்காரர்கள் அதை அதற்குள் வாரிச் சமப்படுத்தியிருந்தார்கள். ஒரு தடம்கூட இல்லை.

"மெதுவாப் போம்மா," என்றார்.

"நாப்பதுலதான்பா போறேன்."

"முப்பதுல போ."

அவள் முப்பதில் போனாள். பின்னால் பதினைந்து வண்டிகள் சேர்ந்து ஹாரன் அடித்தன. டெல்ஃபின் கண்ணாடியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், இருபத்தைந்துக்குக் குறைத்தாள்.